கழித்த கொட்டை எங்கே போகிறது?

ஒடுகத்தூர் பக்கம் என் மாமனார் வீட்டுத் திண்ணையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்தால் மூன்று குவியல் விழும். கொழுத்த, தோல் மின்னுகிற முழுப்பருப்பு முதல் குவியல், அது விற்பனைக்கு. உடைக்கும்போது இரண்டாகப் பிளந்த பருப்பு இரண்டாவது. அது செக்குக்குப் போய் வீட்டு எண்ணெயாகத் திரும்பும். சுருங்கியது, கறுத்தது, பூச்சி துளைத்தது, தோல் மங்கியது எல்லாம் மூன்றாவதில் சேரும். அதற்குப் பெயர் கழிசல். கழிசலில் பெரும்பங்கு மாட்டுத் தொட்டிக்கு. மிச்சத்தை அத்தை மஞ்சப்பையில் கட்டி, நாங்கள் வேலூருக்கு பஸ் ஏறும்போது என் கையில் கொடுப்பார். "பாப்பாவுக்கு உருண்டை புடிச்சுக் குடு. சட்னிக்கும் ஆவும்."

நானும் வாங்கிக்கொண்டு வருவேன். சொந்த நிலத்தில் விளைந்தது, மருந்தடிக்காதது, காசு கொடுக்காமல் கிடைப்பது. கடையில் வாங்கும் அம்மாக்களைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது எனக்கு. நல்லதை எல்லாம் ஊருக்கு விற்றுவிட்டு, மாட்டுக்குப் போடுவதைத்தான் வீட்டுக் குழந்தைக்கு வைத்துக்கொள்கிறோம் என்பது ஒரு நாளும் உறைக்கவில்லை.

2021 நவம்பர் மழை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறந்திருக்காது. பாலாற்றில் எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியது. டவுனே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அதே மழை எங்கள் இரண்டு ஏக்கர் மானாவாரியில் வேறு வேலை செய்துகொண்டிருந்தது. ஆடியில் விதைத்த மல்லாட்டை ஐப்பசியில் பிடுங்கும் பதத்துக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில்தான் வரும். இந்தப் பக்கம் மல்லாட்டை போடுகிறவர்களின் தலையெழுத்தே அதுதான். பிடுங்கிய செடி நிலத்திலேயே கிடந்து நனைந்தது. ஆள் கிடைக்காமல் ஒரு வாரம் கழித்துக் காய் ஆய்ந்தார்கள். வெயில் இல்லை. திண்ணை, தாழ்வாரம், டிவி இருக்கிற அறை என்று எங்கெங்கோ பரப்பி ஃபேன் போட்டார்கள். வீடு முழுக்க ஒரு மக்கல் வாடை. பொங்கலுக்குப் போயிருந்தபோது நானே அந்த வாடையைப் பிடித்தேன். "மழை வாசனை, வெயிலடிச்சா போய்டும்" என்றார் மாமா. வெயிலும் அடித்தது, வாடையும் போனது.

பொங்கல் கழித்துக் காய் உடைக்கிற மிஷின் வந்தது. உடைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் காயின் மேல் பானைத் தண்ணீரை எடுத்துத் தெளித்தார்கள். காய்ந்த காயை அப்படியே மிஷினில் போட்டால் பருப்பு நொறுங்கும், லேசாக ஈரம் பட்டால் முழுசாக வரும் என்பது கணக்கு. முழுசாக வந்தால்தானே முதல் குவியல் பெரிதாகும். ஊரே அப்படித்தான் செய்கிறது. நானும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மாசி மாதம் எங்கள் கன்றுக்குட்டிக்கு உடம்புக்கு வந்தது. கழிச்சல், தீனி எடுக்கவில்லை, ரோமம் சொரசொரவென்று நின்றது. கால்நடை டாக்டர் வந்தார். கன்றைப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குப் போய்க் கையை விட்டார். நாலு கொட்டையை எடுத்து, ஒன்றை நகத்தால் இரண்டாகப் பிளந்து வெளிச்சத்தில் காட்டினார். பருப்பின் இரண்டு பாதிக்கும் நடுவே இருக்கிற சின்னப் பள்ளத்தில் பச்சையும் மஞ்சளும் கலந்த பூசணப் பொடி. வெளியே தோல் நன்றாகத்தான் இருந்தது.

"இதையா போடறீங்க?"

"கழிசல்தானே சார்," என்றார் மாமா.

"கழிசல்தான் விஷமே. கன்னுக்குட்டி தாங்காது. கறவை மாட்டுக்கும் போடாதீங்க, பால்ல எறங்கும். இந்தப் பாலை யார் குடிக்கிறாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. என் இடுப்பில் ஒன்றரை வயதுப் பாப்பா கையில் கடலை உருண்டையோடு இருந்தாள். அதைப் பிடுங்கினேன், அவள் ஊரைக் கூட்டினாள். டாக்டர் உருண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஊசி மருந்தை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வேலூருக்குத் திரும்பியதும் சத்துவாச்சாரி வீட்டுச் சமையலறையில் முதலில் திறந்தது சத்துமாவு டப்பாவை. கேழ்வரகு, கம்பு, மக்காச்சோளம், பாசிப்பயறு, பொட்டுக்கடலை, அப்புறம் அந்த மஞ்சப்பைக் கொட்டை. எல்லாம் வறுத்து, மாவு மிஷினில் கொடுத்து அரைத்து, இரண்டு மாதத்துக்கு ஆகிற மாதிரி ஐந்து கிலோ டப்பாவில் அடைத்து வைத்திருந்தேன். மூக்கை வைத்துப் பார்த்தேன். ஏலக்காய் வாசனைதான் வந்தது. மக்கல் வாடை வரக்கூடாது என்றுதான் அந்தத் தடவை ஏலக்காயை இரண்டு மடங்கு போட்டிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் மூக்கு சொன்னதை நானே ஏலக்காய் போட்டு மூடியிருக்கிறேன்.

மொத்த மாவையும் கொட்டினேன். ஒரு மாசத்து உழைப்பு, மனசு வரவில்லை. கொட்டியதை வாசலில் மேய்கிற கோழி கொத்தப் போனது. அதை விரட்டிவிட்டுக் குழி தோண்டிப் புதைத்தேன். கோழியை விரட்டியது சரிதான் என்று பின்னால் தெரிந்தது.

கொட்டையில் வளர்கிற பூசணம் விடுகிற இந்த நஞ்சைக் கண்டுபிடிக்க வைத்ததே பறவைகள்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. என்ன நோய் என்று புரியாததால் அதற்கு 'எக்ஸ்' நோய் என்றே பெயர் வைத்தார்கள். தேடிப் பார்த்ததில் தீவனத்தில் சேர்த்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது. அதில் வளர்ந்த பூசணத்தின் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். முதல் பெயரின் முதல் எழுத்தையும் இரண்டாம் பெயரின் முன்பாதியையும் சேர்த்து, அது சுரக்கிற நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள்.

இது வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் பான்ஸ்வாடா, பஞ்ச்மகால் மாவட்டங்களின் ஆதிவாசி கிராமங்களில் மஞ்சள் காமாலையும் வயிறு வீக்கமுமாகப் பலர் படுத்தார்கள். 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்தார்கள். அறுவடை நேரத்தில் பெய்த மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளம்தான் காரணம். அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களும் அதே மாதிரி வயிறு வீங்கிச் செத்தன. அறுவடை நேரத்து மழை என்று படித்ததும் எங்கள் தாழ்வாரமும் ஃபேனும் கண்முன் வந்தன.

அந்த அளவு நஞ்சு போனால்தான் ஆள் சாவார்கள். நம் வீடுகளில் நடப்பது அது இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தினமும், ஒரே சாப்பாட்டில் வருவதுதான் நம் பிரச்சினை. அது போய் வேலை காட்டுகிற இடம் கல்லீரல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அஃப்ளாடாக்சினைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில், புகையிலையோடு சேர்த்து வைத்திருக்கிறது. மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) வைரஸும் உடம்பில் இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். கல்லீரல் புற்றுக்கான வாய்ப்பு பல மடங்காகும்.

குழந்தை விஷயத்தில் இது ஏன் கூடுதல் கவலை என்றால், பெரியவர்கள் ஒரு நாளைக்குப் பத்து விதமாகச் சாப்பிடுகிறோம். ஒன்றரை வயதுப் பிள்ளை கஞ்சி, பால், உருண்டை என்று மூன்றைத்தான் திரும்பத் திரும்பச் சாப்பிடும். உடம்போ பத்து கிலோ. என் வீட்டில் அந்த மூன்றிலும் ஒரே மூட்டைதான் இருந்தது: கஞ்சி மாவில் கழிசல், உருண்டையில் கழிசல், ஊரிலிருந்து வந்த பாலில் கழிசல் தின்ற மாடு. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின், டோகோ நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இரத்தத்தில் இந்த நஞ்சின் தடயம் அதிகமிருந்த குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் பின்தங்கியிருந்தார்கள். அங்கேயும் தாய்ப்பாலை விட்டுக் கஞ்சிக்கு மாறுகிற வயதில்தான் தடயம் ஏறியது.

பாப்பாவும் எடையில் பின்தங்கித்தான் இருந்தாள். அங்கன்வாடி அட்டையில் அவள் புள்ளி மஞ்சள் பட்டையில் நின்றது. எல்லாவற்றையும் குழந்தை டாக்டரிடம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எடை ஏறாததுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேம்மா. அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனா நிறுத்தினது நல்லது," என்றார். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்து, பிறந்தவுடன் போட்ட மஞ்சள் காமாலை பி ஊசியும், 6, 10, 14 வாரத்தில் போட்டதும் விழுந்திருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணினார். இந்த விஷயத்தில் நீங்கள் பிள்ளைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அந்த ஊசிதான் என்றார். அப்புறம் மூன்று வயதுக்குள் பிள்ளையின் எடை கூடியது. கழிசலை நிறுத்தியதாலா, இரண்டாம் வயதில் முட்டை கொடுக்க ஆரம்பித்ததாலா, வயிற்றுப்போக்கு குறைந்ததாலா என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் அது கதை.

முதலில் நான் பிடித்துத் தொங்கிய ஆறுதல், "வறுத்துதானே கொடுத்தோம்" என்பது. அது பாதி உண்மைகூட இல்லை. வறுக்கும்போது பூசணம் சாகும். அது ஏற்கெனவே விட்டுப்போன நஞ்சு போகாது. கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்த நஞ்சு சிதைய 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இட்லிப் பானை 100 டிகிரி, குக்கர் 120 டிகிரி. பாலை மூன்று தடவை பொங்க வைத்தாலும் பாலில் இறங்கினது அப்படியே இருக்கும். சமையல் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்று நம்பி வளர்ந்த எனக்கு இதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. நஞ்சுக்கு நிறமோ ருசியோ வாடையோ கிடையாது. ஆயா சின்ன வயதில் "கசந்தா துப்பிடு கண்ணு" என்பார். அது நல்ல பழக்கம்தான். கசக்கிற, காறுகிற கொட்டை பெரும்பாலும் கெட்டுப்போனது. ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் துப்பத் தெரியாது. வெல்லம் போட்டு உருண்டை பிடித்துவிட்டால் கசப்பும் தெரியாது. நாம் கசப்பை மறைத்துக் கொடுக்கிறோம் என்பதுதான் நிஜம்.

நம்பிக்கை தருகிற விஷயமும் இதில்தான் இருக்கிறது. நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. சில கொட்டைகளில் குவிந்து கிடக்கும். சாப்பிடத் தயாரான கடலையில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிற அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அதாவது 100 கிலோ மூட்டை முழுக்கச் சேர்த்து ஒரே ஒரு மில்லிகிராம். மோசமாகப் பூசணம் பிடித்த ஒற்றைக் கொட்டை ஒரு கிலோவையே அந்த அளவைத் தாண்ட வைத்துவிடும். திருப்பிப் பார்த்தால், அந்த ஒற்றைக் கொட்டையைப் பொறுக்கி எறிந்துவிட்டால் கிலோவே தப்பியது. பொறுக்குவதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பது எனக்குப் புதுசு. அத்தைக்குப் பொறுக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் கண் அப்படி. ஆனால் பொறுக்கி எடுத்ததைத்தான் வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். புற ஊதா வெளிச்சத்தில் இந்த நஞ்சு ஒளிரும் என்று படித்தேன். இந்த நஞ்சின் வகைகளுக்கு உள்ள பி1, ஜி1 என்ற பெயர்களே நீலமாகவும் (ப்ளூ) பச்சையாகவும் (கிரீன்) ஒளிர்வதால் வந்தவைதான். உடனே 350 ரூபாய்க்கு ஒரு புற ஊதா டார்ச் ஆன்லைனில் வாங்கினேன். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு முறத்தில் அடித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை பளீரென்று நீலமாக எரிந்தது, அது சலவைத்தூள். ஐந்நூறு ரூபாய் நோட்டில் கோடுகள் மின்னின. கொட்டை எல்லாமே ஏதோ மங்கல் நீலத்தில் தெரிந்தது. எது நஞ்சு, எது கடலையின் சொந்த மினுமினுப்பு என்று பிரிக்கவே முடியவில்லை. ஆய்வகத்தில் நஞ்சைக் கரைத்துப் பிரித்த பிறகுதான் அந்த வெளிச்சத்துக்கு அர்த்தம். பாப்பா இப்போது அந்த டார்ச்சை வைத்துக்கொண்டு பேய் விளையாட்டு விளையாடுகிறாள்.

டார்ச்சை விடக் கையும் கண்ணும் நன்றாக வேலை செய்கின்றன. இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். கொட்டையைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி மேல், கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிப் பார்ப்பேன். சுருங்கியது, தோல் கறுத்தது அல்லது வெளுத்தது, துளை விழுந்தது, தூசு மாதிரி ஏதாவது ஒட்டியது, முளைவிட்டது எதுவும் உள்ளே வராது. சந்தேகம் வந்தாலே வெளியே. அப்புறம் வறுத்து, ஆறினதும் தேய்த்துத் தோல் நீக்கி, முறத்தில் ஊதிவிட்டு இரண்டாம் தடவை பார்ப்பேன். தோலுக்குக் கீழே இருந்த கறை அப்போதுதான் தெரியும். பிள்ளைக்கு என்றால் மூன்றாவதாக, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து நடுப்பள்ளத்தைப் பார்ப்பேன். கால்நடை டாக்டர் நகத்தால் பிளந்தாரே, அந்த இடம். ஒரு கைப்பிடி பிளக்க ஐந்து நிமிஷம் ஆகும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுக்கொட்டை எப்படியும் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பிளந்து அரைத்துத்தான் ஆக வேண்டும். ஆக அந்த ஐந்து நிமிஷம் வீண் இல்லை.

சத்துமாவை இரண்டு மாதத்துக்கு அரைப்பதை விட்டேன். மிக்ஸியில் இரண்டு வாரத்துக்கு மட்டும். முன்பெல்லாம் மாவு மிஷினிலிருந்து சூடாக வந்த மாவை அப்படியே டப்பாவில் அழுத்தி மூடுவேன். மூடியின் உள்பக்கம் வேர்த்துத் தண்ணீர் கோத்திருக்கும். அது மாவில் சொட்டும். இதைவிடப் பூசணத்துக்கு என்ன விருந்து வேண்டும்? இப்போது பேப்பரில் பரப்பி நன்றாக ஆறின பிறகுதான் டப்பா. ஈரக் கரண்டி உள்ளே போகாது. கடலையை மட்டும் மாவில் சேர்ப்பதில்லை. தனியாக வைத்து அன்றன்றைக்குப் பொடித்துக் கலக்கிறேன். எண்ணெய்ச் சத்து உள்ளது சீக்கிரம் காறும் என்பதற்கும் இது நல்லது. மக்காச்சோளத்தை முழுசாக எடுத்துவிட்டேன். நல்ல மக்காச்சோளம் நல்ல உணவுதான்; ஆனால் எனக்கு அதைப் பார்த்துத் தரம் பிரிக்கத் தெரியவில்லை. கேழ்வரகு பக்கம் சாய்ந்துவிட்டேன். நம் ஊரில் கேழ்வரகுக் கூழுக்கா பஞ்சம்! அங்கன்வாடியில் தருகிற மாவுப் பாக்கெட்டையும் பிரித்ததும் காய்ந்த டப்பாவுக்கு மாற்றிவிடுவேன். அடுப்புக்குப் பக்கத்தில், ஆவி படுகிற இடத்தில் வைப்பதில்லை.

தினமும் ஒரே கஞ்சி என்பதையும் விட்டேன். ஒரு நாள் கேழ்வரகு, ஒரு நாள் அரிசி பருப்பு, ஒரு நாள் இட்லி, ஒரு நாள் முட்டையும் வாழைப்பழமும். எதிலாவது கொஞ்சம் கெட்டது இருந்தாலும் அது தினமும் போய்ச் சேராது.

மிளகாய், மல்லி, கொப்பரைக்கும் இதே பார்வைதான். நேதாஜி மார்க்கெட்டில் வத்தல் வாங்கும்போது ஒரு மிளகாயைக் கிள்ளி உள்ளே பார்ப்பேன். சாம்பல் பூத்திருந்தால் அடுத்த கடை. ரொட்டியில் ஒரு மூலையில் பச்சை தெரிந்தால் அந்த மூலையைப் பிய்த்துப் போட்டு மிச்சத்தைக் கொடுக்கும் வழக்கம் எனக்கும் இருந்தது. மெத்தென்ற பண்டத்தில் பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுசாகத் தூக்கிப் போடுவதுதான் சரி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் தங்கை பிள்ளைக்குக் கடலையையே நிறுத்திவிட்டாள். அது எனக்குச் சம்மதமில்லை. 100 கிராமில் 25 கிராம் புரதம் உள்ள பண்டம், ஏழை வீட்டில் இவ்வளவு மலிவாக வேறு எது கிடைக்கும்? நல்ல கொட்டையை எடுத்துக் கொடு, கெட்டதை எடுத்துப் போடு என்றேன். பாலையும் நிறுத்தக் கூடாது. பாலில் இறங்குகிற நஞ்சுக்கு எம்1 என்று பெயர். நம் நாட்டில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் வரை விடுகிறார்கள், ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.05 தான். வீட்டில் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது மாட்டுத் தொட்டியில். கெட்ட தீனியை நிறுத்தினால் சில நாளிலேயே பாலிலும் குறைந்துவிடும். மாடு வளர்க்கிற தெரிந்தவர்களிடம் பால் வாங்குகிறீர்களா, தொட்டியில் என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒருவரை இழந்திருக்கிறேன்.

செக்கெண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். கொஞ்சம் எண்ணெயோடு வரும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது போய்விடுகிறது, செக்கில் அந்த வேலை இல்லை. அதனால் செக்குக்குப் போகிற பருப்பு நல்லதாக இருக்க வேண்டும். கெட்டதை எண்ணெய்க்குப் போட்டால் சரியாகிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பெரிய மூடநம்பிக்கை. ஆட்டின எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடும் பழக்கம் அத்தை வீட்டில் உண்டு. வெயில் வெளிச்சம் கடலை எண்ணெயில் உள்ள இந்த நஞ்சைச் சிதைக்கிறது என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களிலேயே பார்த்திருக்கிறார்கள். அத்தையிடம் சொன்னபோது, "ஒன்னாவது நாங்க சரியாச் செஞ்சோமே" என்றார்.

அந்தக் கிண்டலுக்குப் பின்னால் நிறைய மனஸ்தாபம் இருந்தது. முதல் வருஷம் முழுக்க எனக்கும் அவருக்கும் பேச்சு சரியில்லை. "நாங்கல்லாம் இதைத் துண்ணுதானே வளந்தோம்? எம் புள்ளைக்கு இன்னா ஆச்சு?" என்றார். நான் படித்த திமிரில் ஏதோ பதில் சொல்லிவிட்டேன். அவர் தன் பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்ததாக நான் சொன்னதாக ஊருக்குள் போயிற்று. தப்பு என்னுடையதுதான். குழந்தைக்குக் கெடுதல் என்று சொன்னால் பெரியவர்கள் காதில் அது "நீ கெட்ட தாய்" என்றுதான் விழும். மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தை பேச்சையே எடுக்கவில்லை. "டாக்டர் மாட்டுக்கு ஆவாதுன்னாரு" என்று மட்டும் சொன்னார். மாட்டுக்கு ஆகாதது என்றால் அத்தை கேள்வி கேட்க மாட்டார்.

நிலத்தில் என்ன மாற்றினோம் என்பதை மாமா சொன்னபடி எழுதுகிறேன். கடைசி ஒரு மாதம் செடி காய்ந்து வாடினால், மண்ணுக்குள் இருக்கும்போதே காயில் பூசணம் ஏறுகிறது; கறையான் அரித்த காயிலும் அப்படித்தான். அதனால் கடைசியில் வானம் பொய்த்தால் எப்படியாவது ஒரு தண்ணீர் விடப் பார்க்கிறார். முடியாத வருஷம் முடியாதுதான். பிடுங்கிய செடியைக் குவித்துப் போர் போடாமல், காய் மேலே பார்க்கிற மாதிரி தலைகீழாகத் திருப்பி வரிசையாகக் காய விடுகிறார். ஆய்ந்த காயைத் தார்ப்பாயில்தான் பரப்புவது, மண் தரையில் இல்லை. ராத்திரி பனி படாமல் மூட வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆட வேண்டும். அது வரைக்கும் மூட்டை கட்டுவதில்லை. மூட்டைகள் இப்போது மரப்பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி நிற்கின்றன. மிஷின் வருவதற்கு முன் தண்ணீர் தெளிப்பதைத்தான் விட மனசு வரவில்லை. கடைசியில் அதையும் விட்டார். முதல் குவியல் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. அந்த நஷ்டத்தை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

மூன்றாவது குவியல் மட்டும் அப்படியேதான் விழுகிறது. எவ்வளவு நன்றாகக் காய வைத்தாலும் கழிசல் இல்லாத மல்லாட்டை கிடையாது. அதைக் களத்து ஓரம் குழி வெட்டிச் சாணிக் குப்பையோடு போட்டு மண் தள்ளுகிறோம். முதல் வருஷம் அத்தை அந்தப் பக்கமே வரவில்லை. விளைந்ததைப் புதைக்கிற கண்ணராவியைப் பார்க்க முடியாது என்றார்.

போன தை மாதம் நான் ஊரில் இருந்தபோது கழிசல் வாங்குகிற ஆள் டிவிஎஸ் வண்டியில் வந்தார். வருஷா வருஷம் வருகிறவர்தான். எண்ணெய்க்கு, தீவனத்துக்கு என்று வாங்கிப் போவார். அத்தை திண்ணையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாப்பாவும் எதிரில் உட்கார்ந்து நகத்தால் கொட்டை பிளந்துகொண்டிருந்தாள்.

"இந்த வருசம் எவ்ளோ கீதும்மா?" என்று கேட்டார் அவர்.

"இல்லப்பா. நாங்க விக்கறதில்ல," என்றார் அத்தை.

"இன்னாத்துக்கு? போன வருசத்தவிட ரெண்டு ரூபா சேத்துத் தரேன்."

அத்தை என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "குழி வெட்டியாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு முறத்தை எடுத்தார்.

வந்தவர் சிரித்துக்கொண்டே தராசை வண்டியில் மாட்டினார். பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அங்கே போய் நிறுத்தினார்.